சிக்கர் முனையில் ஒரு கை

இன்று ஸ்காட்லாந்துக் கடற்கரையிலுள்ள சிக்கர் முனையில் இரண்டு பாறைகள் சேரும் இடத்தில் உள்ளங்கையை வைத்துப் பார்த்தேன்.

சுண்டுவிரலுக்குக் கீழே செங்குத்தாக நிற்கும் சாம்பல்நிறக் கிரேவேக் (கடினமான ஒருவகை மணற்கல்), வயது சுமார் 43.5 கோடி ஆண்டு. கட்டைவிரல் தொட்டது அதன்மேல் லேசாகச் சாய்ந்து கிடக்கும் சிவப்பு மணற்கல், சுமார் 37 கோடி.

நடுவில் வெறும் கோடு.

அந்தக் கோட்டுக்குள் கடலடிப் படிவுகள் மடங்கி, நிமிர்ந்து, மலையாகித் தேய்ந்தே போயிருக்கின்றன, அப்புறம்தான் ஆறுகள் மணலைக் கொண்டுவந்து கொட்டியிருக்கின்றன. 1788இல் நிலவியலாளர் ஜேம்ஸ் ஹட்டன் படகில் வந்து பார்த்ததும் இதைத்தான்.

வகுப்பில் எத்தனையோ முறை வரைந்த படம். ஸ்காட்லாந்துக்குப் படிக்க வந்த பிறகு இன்றுதான் காலம் கையில் தட்டுப்பட்டது, கண் கலங்கிவிட்டது.

மழையில் குறிப்பேடு நனைந்து பாதி அழிந்துபோனது. சரி, அடுத்த வாரம் மறுபடி போகிறேன்.