மியூசியம் வேலைக்கு அலைஞ்ச கதை: "எக்ஸ்பீரியன்ஸ் இருக்காம்மா?"

போன வாரம் தான் கையெழுத்து போட்டேன். ப்ராஜெக்ட் அசிஸ்டன்ட், கான்ட்ராக்ட் தான், சம்பளம் சொன்னா சிரிப்பீங்க. ஆனாலும் வயித்தெரிச்சல் இன்னும் அடங்கல, அதான் எழுதறேன். எம்.ஏ. வரலாறு முடிச்சுட்டு மியூசியம் பக்கம் போகலாம்னு நினைக்கற டெல்டா பசங்களுக்கு யூஸ் ஆகும்.

நிரந்தர வேலைன்னா டிஎன்பிஎஸ்சி வழியா காப்பாட்சியர் (க்யூரேட்டர்). போஸ்ட்டே விரல் விட்டு எண்ணற அளவு தான், எப்பவாவது தான் அறிவிப்பு வரும், அதை நம்பி உக்காந்தா கிழவி ஆயிடுவோம். மியூசியாலஜி, அதாவது மியூசியம் நடத்தறதுக்கான படிப்பு, படிக்கலாம்னா பரோடாவுல 1952ல இருந்தே டிபார்ட்மென்ட் இருக்கு, கல்கத்தாவுல இருக்கு. மயிலாடுதுறையில இருந்து பரோடான்னு சொன்னதும் அத்தை "பேசாம பி.எட். போடேன்டி"ன்னு ஆரம்பிச்சுட்டாங்க.

மிச்சம் இருக்கறது கான்ட்ராக்ட் வேலை. எதை எடுத்தாலும் "முன் அனுபவம் அவசியம்". யாராவது உள்ள விட்டா தானேய்யா அனுபவம் வரும்! சரி, காசே வேண்டாம், சும்மா வந்து வேலை கத்துக்கறேன்னு எழுதி எடுத்துட்டு ஒரு மியூசியத்துக்கு போனேன் (பேர் வேண்டாம்). அங்க செக்‌ஷன்ல இருந்தவர் என் மனுவை முன்பக்கம் பாத்தார், திருப்பி வெறும் பின்பக்கத்தையும் பாத்தார், குண்டூசியை கழட்டி டப்பாவுல போட்டுக்கிட்டு பேப்பரை மட்டும் நீட்டினார். "காலேஜ்ல இருந்து போனஃபைடு வாங்கிட்டு வாம்மா." அதாவது இங்க படிக்கறாங்கன்னு காலேஜ் குடுக்கற சர்டிபிகேட். காலேஜுக்கு போனா, "நீ பாஸ் அவுட் ஆயிட்டியேம்மா, உனக்கு எப்படி போனஃபைடு குடுக்கறது?" திரும்ப வந்து அதை சொன்னா, "அப்ப எக்ஸ்பீரியன்ஸ் சர்டிபிகேட் ஏதாவது இருக்கா?" நான் எதுக்கு சார் வந்துருக்கேன், அது இல்லாம தானே வந்துருக்கேன்! அடுத்த தடவை போனப்ப "போலீஸ் வெரிஃபிகேஷனும் வேணும்"னார். இதை முதல் நாளே சொல்லிருந்தா ஒரு பஸ் டிக்கெட் மிச்சம். (அதை ஆன்லைன்லயே போடலாம், தனியா யார்கிட்டயும் காசு குடுத்து ஏமாறாதீங்க.)

வெரிஃபிகேஷன் கேக்கறதை நான் தப்பு சொல்லல. சிலை கடத்தல்ல வெளிநாடு போன திருவாரூர் பக்கம் பத்தூர் நடராஜர் லண்டன் கோர்ட் வரைக்கும் போய் 1991ல தான் ஊர் திரும்பினார், அதே மாதிரி திருட்டு போன ஸ்ரீபுரந்தான் நடராஜர் ஆஸ்திரேலியாவுல இருந்து 2014ல வந்தார். நம்ம ஊர்ல சிலை இருக்கற ரூம் சாவியை யாரும் சும்மா குடுத்துட மாட்டாங்க. ஆனா கேட்டலாக் எழுத, லேபிள் ஒட்ட, வர்ற ஸ்கூல் பசங்களுக்கு சுத்திக் காட்ட என்ன சாவி வேணும்? அதுக்கு பதில் இல்ல.

அப்படி ஒரு நாள் "ஆபீசர் கேம்ப்"னு சொல்லி அனுப்பிட்டாங்க. வந்ததுக்கு தஞ்சாவூர் அரண்மனை கலைக்கூடத்துக்கு டிக்கெட் எடுத்துக்கிட்டு உள்ள போய் ரிஷபவாகன தேவர் (காளை மேல சாஞ்சு நிக்கற சிவன் சிலை) முன்னாடி நோட்டோட நின்னேன். எங்க மாவட்டத்து திருவெண்காட்டுல மண்ணுக்குள்ள இருந்து கிடைச்சவர், 1011ஆம் வருஷத்து கணக்கு. ரிஷபத்தைக் காணோம், அது மேல சாஞ்ச கை மட்டும் அந்தரத்துல மடங்கி நிக்குது, சடையை பாம்போட சேர்த்து தலைப்பா மாதிரி சுத்திருக்கு. கண்ணுக்கு தெரிஞ்ச வரைக்கும் எங்க தேய்மானம், எங்க நிறம் மாறிருக்கு, எது இல்லைன்னு ஒரு கண்டிஷன் ரிப்போர்ட் எழுதினேன். அப்புறம் எங்க போனாலும் எழுத ஆரம்பிச்சுட்டேன், பூம்புகார் அகழ்வைப்பகம், நாகப்பட்டினம் மியூசியம்னு. இதுக்கு யார் பர்மிஷனும் வேண்டாம், டிக்கெட் காசு போதும்.

கடைசியில கதவு தொறந்தது மியூசியத்துல இல்ல. கும்பகோணம் பக்கம் ஒரு குடும்பத்து டிரஸ்ட்ல பரண்ல கிடந்த ஓலைச்சுவடியை போட்டோ எடுக்க ஆள் தேடினாங்க. பஸ் காசும் மத்தியான சாப்பாடும். அங்க இருந்த அய்யா ஒருத்தர் தான் எனக்கு எல்லாம் சொல்லிக் குடுத்தார்: கயித்தை அவுக்கறதுக்கு முன்னாடி கட்டை அப்படியே ஒரு போட்டோ, பிரஷ்ஷால தூசி தட்டணும், ஊதவே கூடாது, அப்புறம் பஞ்சுல லெமன்கிராஸ் எண்ணெய் தொட்டு நரம்பு போற பக்கமா மெதுவா துடைக்கணும். ஓரத்துல தமிழ் எண்ல ஏட்டு நம்பர் இருக்கும், அது படிக்கத் தெரியலன்னா அடுக்கு மாறிடும். கார்த்திகை மழையில ஈரம் ஏறி ரெண்டு மூணு ஏடு ஒட்டிக்கிட்டா கத்தியை வெச்சு நெம்பினீங்கன்னா எழுத்தோட சேர்ந்து வந்துடும். அப்படியே விட்டுட்டு தெரிஞ்சவங்களை கூப்பிடணும்.

முடிஞ்சதும் டிரஸ்ட் லெட்டர்ஹெட்ல சர்டிபிகேட் அடிச்சாங்க. முதல்ல அடிச்சது "நல்ல ஒழுக்கமும் பொறுப்பும் உடையவர்". மாப்பிள்ளை வீட்டுக்கு காட்டலாம், வேலைக்கு ஆகாது! கெஞ்சி திரும்ப அடிக்க வெச்சேன்: எந்த தேதியில இருந்து எந்த தேதி வரை, சுவடி சுத்தம் பண்ணினது, பதிவேடு எழுதினது, போட்டோ எடுத்தது, கீழ கையெழுத்து, சீல். இந்த ஒரு பேப்பர் தான் எல்லாத்தையும் மாத்துச்சு, இதை தயவுசெஞ்சு மறந்துடாதீங்க. இன்னும் படிச்சுக்கிட்டு இருக்கற பசங்க இப்பவே காலேஜ் மூலமா இன்டர்ன்ஷிப் போயிடுங்க, போனஃபைடு கேட்ட அன்னிக்கே கிடைக்கும்.

அந்த பேப்பரோட தான் இப்ப கிடைச்ச வேலைக்கு இன்டர்வியூ போனேன். அங்க ஒரு மேடம் கேட்டாங்க, "செப்புத் திருமேனியில இளம்பச்சையா பவுடர் மாதிரி பூத்தா என்ன செய்வீங்க?" "புளி போட்டு தேய்க்க மாட்டேன் மேடம்"னேன். சிரிச்சுட்டாங்க. குளோரைடும் ஈரமும் சேர்ந்து உலோகத்தை உள்ளயே தின்னும், தனியா எடுத்து ஈரமில்லாத பெட்டியில வெச்சுட்டு, போட்டோவோட கன்சர்வேஷன் ஆளுக்கு (பழம்பொருளை சரி பண்ணி பாதுகாக்கறவங்களுக்கு) எழுதுவேன், நானா கை வெக்க மாட்டேன்னு சொன்னேன். அப்புறம் நோட்டை வாங்கி ரிஷபவாகனர் பக்கத்தை ரொம்ப நேரம் படிச்சாங்க. வெளிய வந்து அப்பாவுக்கு போன் பண்ணினேன், அவர் கேட்ட முதல் கேள்வி பி.எஃப். உண்டான்னு.

இன்னொண்ணு, கான்ட்ராக்ட் கிடைச்சவங்க எக்ஸ்பீரியன்ஸ் சர்டிபிகேட்டை கடைசி நாள்ல போய் கேக்காதீங்க, ஒரு மாசம் முன்னாடியே மனு குடுத்து, குடுத்ததுக்கு காப்பியில சீல் வாங்கி வெச்சுக்கோங்க. குண்டூசி எக்ஸ்ட்ராவா கொண்டு போங்க.