கத்தரிக்காய் மேல் போட்ட பழி

பதினோரு நாள். காணாக்கடி மாதிரி உடம்பெல்லாம் திட்டுத்திட்டாகத் தடித்து, ராத்திரி இரண்டு மணிக்கு எழுந்து உட்கார்ந்து சொறிந்துகொண்டிருந்தேன். வீட்டில் முதலில் கத்தரிக்காய் நின்றது. அப்புறம் கருவாடு. மூன்றாம் நாள் அத்தை என் கையைப் பார்த்துவிட்டு, "மொச்சையும் வேண்டாம்" என்றார். துணி துவைக்கிற சோப்பைக்கூட மாற்றினோம். அத்தனை நாளும் நான் காலையில் ஒரு டம்ளர் தண்ணீரோடு விழுங்கிக்கொண்டிருந்த பி.பி. மாத்திரையை மட்டும் யாரும் சந்தேகப்படவில்லை, நான் உட்பட.

எனக்கு செயற்கை மஞ்சள் சாயம் ஆகாது. டார்ட்ராசின், சன்செட் யெல்லோ இரண்டுமே. கல்யாண வீட்டுக் கேசரி, ஜாங்கிரி எதைத் தொட்டாலும் சில மணி நேரத்தில் தடிப்பு கிளம்பிவிடும். தோலில் குத்திப் பார்க்கும் டெஸ்டில் இது தெரியாது, நிறுத்திப் பார்த்து, திரும்பக் கொடுத்துப் பார்த்துத்தான் கண்டுபிடிக்க வேண்டும் என்று தோல் டாக்டர் சொல்லி, அப்படியே கண்டுபிடித்தார். பி.பி. வந்தபோது பொது மருத்துவரும் இதைக் கேட்டுக்கொண்டு வெள்ளை மாத்திரையாகத்தான் எழுதினார். டெல்மிசார்ட்டான் 40. இரண்டு வருடம் எந்தத் தொல்லையும் இல்லை.

அந்த மாதம் என் வீட்டுக்காரர் கடைக்குப் போனார். வழக்கமான மெடிக்கல்தான். "ஸ்டாக் இல்லை சார், அதே சால்ட், கம்பெனி மட்டும் வேற, விலையும் கம்மி" என்று கவுன்டரில் இருந்த பையன் சொல்ல, பதினைந்து மாத்திரை வாங்கி வந்துவிட்டார். ஒரு முழு அட்டை, இன்னொன்றில் பாதி வெட்டியது. நான் முழு அட்டையை உடைத்து மாத்திரை டப்பாவில் கொட்டிவிட்டு, காலி அட்டையைக் குப்பையில் போட்டேன். மாத்திரை இளம் ஆரஞ்சு நிறத்தில் இருந்தது. பார்த்தேன். பார்த்துவிட்டுத்தான் விழுங்கினேன். பந்தியில் கேசரியை ஒதுக்குகிறவளுக்கு மாத்திரை என்றதும் புத்தி வேலை செய்யவில்லை. மருந்து உடம்புக்கு நல்லது என்று மனசில் அப்படிப் பதிந்து கிடக்கிறது.

டப்பா காலியானதும் பதினோராம் நாள் காலையில் வெட்டிய அட்டையைக் கையில் எடுத்தேன். வெள்ளிக் காகிதத்தில் எறும்பு ஊர்ந்த மாதிரி எழுத்து. சாய்த்துப் பிடித்தால் வெளிச்சம் கண்ணில் அடிக்கிறது. செல்போன் கேமராவில் பெரிதாக்கிப் பார்த்தால், கத்திரி வெட்டிய ஓரத்தில் "...செட் யெல்லோ எஃப்.சி.எஃப்" என்று மட்டும் இருந்தது. வாக்கியத்தின் முன்பாதி கடையில் இருக்கும் மீதி அட்டையோடு போய்விட்டது. எனக்கு அந்தப் பின்பாதியே போதும்.

உடனே டாக்டருக்குப் போன். பி.பி. மாத்திரையை நீங்களாக நிறுத்தாதீர்கள், பழைய கம்பெனி மாத்திரையை எங்கிருந்தாவது வாங்கி இன்றே மாற்றிக்கொள்ளுங்கள் என்றார். உதடு வீங்கினாலோ மூச்சு இழுத்தாலோ போன் செய்துகொண்டிருக்காமல் நேரே மருத்துவமனைக்குப் போகவும் சொன்னார். நல்லவேளை, அந்த அளவுக்குப் போகவில்லை. நாலு கடை தள்ளிப் பழைய மாத்திரை கிடைத்தது. நான்கு நாளில் தடிப்பு அடங்கியது.

சரி, பணமாவது திரும்பக் கிடைக்குமா என்று கடைக்குப் போனேன். வெட்டிய அட்டையைத் திரும்ப எடுக்க மாட்டார்களாம். பில் இருக்கிறதா என்றார் முதலாளி. பில்லே போடவில்லை. "உள்ளே இருக்கிற மருந்து ஒண்ணுதாம்மா, எந்த டாக்டரை வேணும்னாலும் கேளுங்க." மருந்து ஒன்றுதான், சாயம்தான் வேறு என்று நான் சொல்லச் சொல்ல, அவர் அடுத்த ஆளின் சீட்டை வாங்கிக்கொண்டார். பார்மசிஸ்டிடம் பேசலாம் என்றால் அவர் சாயங்காலம்தான் வருவாராம். சாயங்காலம் போனேன். அன்றைக்கு அவர் லீவு.

வீட்டுக்கு வந்து படித்த பிறகுதான் எனக்கே தெரிந்தது. 1945ஆம் வருட மருந்துகள் விதிகளில் விதி 65, உட்பிரிவு 11ஏ என்று ஒன்று இருக்கிறது. ஷெட்யூல் ஹெச், ஹெச்1, எக்ஸ், அதாவது டாக்டர் சீட்டு இல்லாமல் விற்கக்கூடாத மருந்துகளின் பட்டியல்கள். அந்த மருந்துகளைச் சீட்டில் எழுதியிருந்தால், அதற்குப் பதிலாக வேறு தயாரிப்பைத் தரக்கூடாது, உள்ளே அதே மருந்து இருந்தாலும். ஆனால் சீட்டில் கம்பெனிப் பெயர் இல்லாமல் மருந்தின் பெயர் மட்டும் இருந்தால் இந்த விதி நமக்கு உதவாது. என் சீட்டில் அப்படித்தான் இருந்தது. ஆகவே தில்லைநகருக்கு ஒரு பஸ். டாக்டர் ஊரில் இல்லை, வெறும் கையோடு திரும்பினேன். அடுத்த வாரம் இன்னொரு பஸ். இந்த முறை மாத்திரைப் பெயர், கம்பெனிப் பெயர், அதன் கீழே "சாய ஒவ்வாமை உண்டு, மாற்றித் தர வேண்டாம்" என்று எழுதி வாங்கிவிட்டேன். அந்தச் சீட்டோடு மெடிக்கலுக்குப் போய் உட்பிரிவு எண்ணையும் சேர்த்துச் சொன்னபோது முதலாளி முதல் முறையாக நிமிர்ந்து பார்த்தார். பணம் வரவில்லை. பில் வந்தது, பேட்ச் நம்பரோடு.

இத்தோடு முடிந்தது என்று நினைத்தேன். மூன்று மாதம் கழித்து அதே பெயர், அதே கம்பெனி, ஆனால் மாத்திரை லேசான மஞ்சள். அட்டையைத் திருப்பினால் தயாரித்த இடம் வேறு. முன்பு சிக்கிமில் செய்தது, இப்போது இமாச்சலத்தில் பத்தி என்ற ஊரில் இன்னொருவர் செய்து கொடுத்தது. அட்டையில் பெரிதாக இருப்பது விற்கிறவர் பெயர். செய்கிறவர் யார் என்பது பின்னால் பொடி எழுத்தில் இருக்கும், அது சொல்லாமல் மாறும். நிறம் என்ற இடத்தில் "யெல்லோ அயர்ன் ஆக்சைடு" என்று போட்டிருந்தது. கம்பெனிக்கு மெயில் அனுப்பினேன். எங்கள் மருந்துகள் பாதுகாப்பானவை என்று இரண்டு வரிப் பதில் வந்தது. பேட்ச் நம்பர் போட்டு, டார்ட்ராசின் இருக்கிறதா, சன்செட் யெல்லோ இருக்கிறதா, ஆம் அல்லது இல்லை என்று மட்டும் சொல்லுங்கள் என்று திரும்பக் கேட்டதும் ஒன்பதாம் நாள் "இல்லை" என்று வந்தது. இரும்பு ஆக்சைடு வேறு ரகம், எனக்கு ஒன்றும் செய்யாது என்று டாக்டரும் சொன்னார். வீண் பயம்தான். ஆனாலும் பதில் வரும்வரை பழைய அட்டையில் மிச்சமிருந்ததைத்தான் போட்டுக்கொண்டேன்.

மஞ்சள் எல்லாம் ஆகாது என்றும் இல்லை, மற்ற நிறமெல்லாம் ஆகும் என்றும் இல்லை. பச்சை மாத்திரையில் மஞ்சளும் நீலமும் கலந்திருக்கலாம். காப்ஸ்யூல் இன்னும் மோசம். "ஓட்டில் அனுமதிக்கப்பட்ட நிறங்கள் உள்ளன" என்று பொத்தாம்பொதுவாகப் போட்டுவிடுகிறார்கள், எந்த நிறம் என்று இல்லை. லாக்டோஸோ கோதுமை மாவுச்சத்தோ ஆகாதவர்கள் நிலைமை என்னைவிடக் கஷ்டம். நான் பார்த்த அட்டைகளில் பெரும்பாலும் "எக்ஸிபியன்ட்ஸ் க்யூ.எஸ்." என்றுதான் இருந்தது. மருந்தோடு கலக்கும் துணைப் பொருட்களைத் தேவையான அளவு சேர்த்திருக்கிறோம் என்று அர்த்தம், எதை என்று சொல்ல மாட்டார்கள். அப்படி இருந்தால் கம்பெனியைத்தான் கேட்க வேண்டும். பெயர் மாறாமல் உள்ளே மாறுவது நம் ஊரில் மட்டும் நடப்பதும் இல்லை. பிரான்சில் 2017இல் லெவோதைராக்ஸ் என்ற தைராய்டு மாத்திரையில் லாக்டோஸை எடுத்துவிட்டு மானிட்டாலும் சிட்ரிக் அமிலமும் சேர்த்தார்கள். ஆயிரக்கணக்கானவர்கள் புகார் செய்து, விஷயம் கோர்ட் வரை போனது.

இப்போது கடைசியாகச் சாப்பிட்டு ஒத்துக்கொண்ட அட்டையின் இரண்டு பக்கமும் போனில் படமாக இருக்கிறது. கடையில் பணத்தை எடுக்கும் முன்பே, "தம்பி, கத்திரியை எடுக்காதீங்க, முழு அட்டையா கொடுங்க" என்று சொல்லிவிடுகிறேன். நிறம், தயாரித்தவர் இரண்டு வரியையும் அங்கேயே ஒப்பிட்டுப் பார்ப்பேன். பின்னால் நிற்பவர்கள் முனகினால் முனகட்டும். ஆன்லைனில் வாங்கினால், வந்த பார்சலைப் பிரித்துப் பார்க்காமல் எதையும் டப்பாவில் கொட்டாதீர்கள். ஆப்பில் இருக்கும் படம் எந்தக் காலத்து அட்டையோ. வீட்டில் வேறு யாரையாவது கடைக்கு அனுப்பினால், இல்லையென்றால் இல்லை என்று திரும்பி வரச் சொல்லி அனுப்புங்கள். எங்கள் வீட்டுக்காரர் இப்போது கவுன்டரில் நின்று எனக்கு வீடியோ கால் போடுகிறார்.

அத்தைக்கும் அந்தப் பாதி அட்டையைக் காட்டினேன். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு திருப்பித் திருப்பிப் பார்த்தார். "மாத்திரைதான், ஒத்துக்கிறேன். ஆனா கத்தரிக்காய் எதுக்கும் இன்னும் ஒரு மாசம் வேண்டாம்" என்றார்.