அரிஸ்டாட்டிலை எந்தப் பெட்டியில் போடுவது?

அஞ்சல்வழியில் அரசியல் அறிவியல் படித்தபோது, அரசியலைப் பயிலும் அணுகுமுறைகளை விவரி என்ற பத்து மார்க் கேள்வி கட்டாயம் வரும் என்பார்கள். கைடில் இருந்த பதில் இன்னும் மனப்பாடம். பிளேட்டோ, அரிஸ்டாட்டில் எல்லாம் மரபுவழி, அதாவது அரசு எப்படி இருக்க வேண்டும் என்று பேசியவர்கள்; இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு அமெரிக்காவில் ஓங்கிய, மக்களின் அரசியல் நடத்தையை அளந்து ஆராயும் நடத்தையியல்காரர்கள்தான் எப்படி இருக்கிறது என்று பார்த்தவர்கள். நானும் அப்படியே எழுதி பாஸாகிவிட்டேன்.

பிளேட்டோவுக்கு அது ஓரளவு பொருந்தும், சரி. ஆனால் அரிஸ்டாட்டில்? அவரும் மாணவர்களும் சேர்ந்து 158 அரசுகளின் ஆட்சிமுறைகளைத் திரட்டியதாகப் பழைய பட்டியல்கள் சொல்கின்றன. அதில் ஏறக்குறைய முழுசாகக் கிடைத்தது ஏதென்ஸ் பற்றியது மட்டும்தான், அதுவும் எகிப்தில், யாரோ பண்ணை வரவு செலவு எழுதிவைத்த பாப்பிரஸ் என்ற நாணல் தாளின் பின்பக்கத்தில் கிடைத்தது; 1891இல்தான் அச்சுக்கு வந்தது. படித்தால் ஒரு நல்ல நிருபரின் குறிப்பு மாதிரி இருக்கிறது. சீட்டுக் குலுக்கிப் பதவி கொடுப்பது, கோர்ட்டில் பேச்சு நேரத்தை நீர்க்கடிகாரம் வைத்து அளப்பது, சாணி அள்ளுகிறவர்கள் அதை மதிலுக்குப் பக்கத்தில் கொட்டிவிடாமல் பார்த்துக்கொள்ள அதிகாரிகள் இருந்தது வரைக்கும். இத்தனைக்கும் அவர் ஸ்டாகிராவில் பிறந்த வெளியூர்க்காரர், ஏதென்ஸ் சபையில் ஓட்டுப் போடும் உரிமைகூட அவருக்குக் கிடையாது.

அவருடைய 'அரசியல்' நூலின் ஐந்தாம் பகுதி முழுக்க ஆட்சிகள் ஏன் கவிழ்கின்றன என்ற கதைதான். சிசிலித் தீவின் கிரேக்க நகரமான சிராக்யூஸில் பதவியில் இருந்த இரண்டு இளைஞர்களின் காதல் தகராறு முற்றி ஆட்சிமுறையே மாறிப்போனது என்கிறார். அடிமை முறைக்கு நியாயம் கற்பித்தவரும் இதே மனிதர்தான்; அத்தனை ஊர்களைத் துருவிப் பார்த்த கண்ணுக்கு அது மட்டும் தப்பாகப் படவில்லை.

இந்தப் பக்கம், நடத்தையியல் பெட்டியில், அரசியல் அறிவியலாளர் டேவிட் ஈஸ்டன். அரசியல் ஆய்வு அறிவியல்போல ஆக வேண்டும் என்று 1953இல் புத்தகம் எழுதியவர். மக்களின் கோரிக்கையும் ஆதரவும் உள்ளே போகும், முடிவுகள் வெளியே வரும் என்ற அந்தப் பெட்டிப் படத்தை அரசியல் அறிவியல் படித்த யாரும் மறந்திருக்க மாட்டார்கள். அறுபதுகளில் வெளியே வியட்நாம் போர், கறுப்பின மக்களின் போராட்டம். ஆய்வாளர்களோ வாக்காளர் அட்டவணைகளில் மூழ்கிக் கிடந்தார்கள். 1969இல் அமெரிக்க அரசியல் அறிவியல் சங்கத் தலைவராக எழுந்த அதே ஈஸ்டன், முறையைவிடப் பொருள் முக்கியம், சம்பந்தமில்லாத துல்லியத்தைவிடக் கொஞ்சம் மங்கலாக இருப்பதே மேல் என்பதுதான் நடத்தையியல்மீதான அதிருப்தியில் எழுந்த பின்நடத்தையியலின் கொள்கை என்று விளக்கினார். கைடில் இது ஏழு பாயிண்ட்.

அக்கா மகள் இப்போது அதே பேப்பர் எழுதப்போகிறாள். இதையெல்லாம் போனில் சொன்னேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு, "மாமா, அப்ப எதை எழுதட்டும்?" என்றாள். திருத்துகிறவர் கையிலும் அந்தக் கைடுதான் இருக்கும், ஏழு பாயிண்டையும் விடாமல் எழுதிவிடு என்று சொல்லிவிட்டேன்.