சஹாமா சரிவில் ஒரு மரம்

பட்டையைத் தொட்டேன். விரலோடு உரிந்து வந்துவிட்டது.

செம்பழுப்பு நிறம். வெங்காயத் தோல் போல மெல்லியது. ஓர் அடுக்கு காற்றில் படபடக்கிறது, அடியில் இன்னொன்று, அதற்கும் அடியில் மற்றொன்று. இந்த ஊர் இரவுக் குளிருக்கு இத்தனை போர்வை வேண்டும்தான்.

பொலிவியாவின் சஹாமா எரிமலைச் சரிவில் நிற்கிறேன். நான்கு எட்டு வைத்தால் எனக்கு மூச்சு இரைக்கிறது. இந்தக் கென்யுவா மரமோ சுமார் 5,200 மீட்டர் வரை ஏறிப்போய் வளர்கிறது. உலகில் இதைவிட உயரத்தில் மரக்காடு கிடையாது. (காடு என்றதும் அண்ணாந்து பார்க்க வேண்டாம். பல மரங்கள் என் தோளைத் தாண்டவில்லை.)

விறகுக்கும் கரிக்கும் இதை வெட்டித் தள்ளியிருக்கிறார்கள். மிச்சத்தைக் காக்கத்தான் 1939-இல் நாட்டின் முதல் தேசியப் பூங்கா இங்கே வந்தது. யானை, புலி என்றால் அரசாங்கங்கள் இரங்கும். ஒரு குட்டை மரத்துக்காக இரங்கியது அபூர்வம்.

அதைவிட எனக்குப் பிடித்தது, ஐமாரா பழங்குடி மக்கள் இன்றும் பூங்காவுக்குள்ளேயே லாமா, அல்பாகா என்ற ஒட்டகக் குடும்பத்து விலங்குகளை மேய்த்து வாழ்வது. காட்டைக் காக்க மனிதரைத் துரத்தவில்லை.

6,542 மீட்டர் உச்சிக்குப் போகும் உத்தேசம் எனக்கில்லை. பக்கத்தில் வெந்நீர் ஊற்று இருக்கிறது, அங்கே போகிறேன்.