ஸ்டேடியத்துக்கு முப்பது வருஷ கேரண்டி, ஸ்கூலுக்கு வருஷா வருஷம் கெஞ்சல்

2013 ஜூன் மாசம் பிரேசில்ல கான்ஃபெடரேஷன்ஸ் கப் நடந்துட்டு இருந்துச்சு, அடுத்த வருஷ வேர்ல்ட் கப்புக்கு ஒரு ஒத்திகை மாதிரி. பிரேசில் டீம் ஆடுறத பாக்கணும்னுதான் நான் டிவிய போட்டேன், ஆனா இன்னிக்கு வரைக்கும் ஞாபகத்துல நிக்கிறது அந்த கோல் எதுவும் இல்ல, ஸ்டேடியத்துக்கு வெளிய ரோட்ட நிறைச்சு நின்ன ஜனங்கதான். பஸ் கட்டணத்த 20 சென்டாவோ (நம்ம பைசா மாதிரி அந்த ஊரு சில்லறை) ஏத்தினதுக்கு ஆரம்பிச்ச போராட்டம், சில நாள்லயே நாடு முழுக்க பரவிடுச்சு. கையில அட்டை புடிச்சிருந்தாங்க, எங்களுக்கு ஃபிஃபா தரத்துல ஸ்கூல் வேணும், ஃபிஃபா தரத்துல ஆஸ்பத்திரி வேணும்னு. ஃபுட்பால உயிரா நினைக்கிற ஜனங்க அதை சொன்னதாலதான் எனக்கு சுருக்குனு பட்டுச்சு.

அந்த "ஃபிஃபா தரம்"ங்குற வார்த்தைய நான் ரொம்ப நாள் யோசிச்சிருக்கேன். ஒரு ஸ்டேடியம் வேர்ல்ட் கப்புக்கு தயாராகணும்னா புல்லு எப்படி இருக்கணும், லைட் எவ்வளவு வெளிச்சம் தரணும், எத்தனை சீட்டு இருக்கணும்னு எல்லாத்துக்கும் ஒரு விதி இருக்கு, அதை செக் பண்ண ஆளுங்க வருவாங்க, இந்த தேதிக்குள்ள முடியலன்னா மானம் போயிடும்னு அரசாங்கமே ராத்திரி பகலா நிக்கும். ஸ்கூலுக்கு அப்படி ஒரு தேதி எங்கயாவது இருக்கா? கூரை ஒழுகுதுன்னு ஒரு டீச்சர் லெட்டர் எழுதினா அந்த லெட்டருக்கு பதில் வர்றதுக்குள்ள அந்த கிளாஸ் பசங்க படிச்சு முடிச்சு வெளிய போயிடுறாங்க.

முதல்லயே சொல்லிடுறேன், எனக்கு விளையாட்டு ரொம்ப பிடிக்கும். அம்பதாயிரம் பேர் ஒரே நேரத்துல எழுந்து கத்துற சத்தம் வேற எங்கயும் கிடைக்காது, அது ஊருக்கு ஒரு சந்தோஷம்னு எனக்கும் தெரியும். நான் கேக்குறது அந்த சந்தோஷத்துக்கு யாரு காசு குடுக்குறாங்க, எந்த வரிசையில குடுக்குறாங்கங்குறதுதான்.

இந்த விஷயம் ரொம்ப பச்சையா தெரியுற இடம் அமெரிக்கா, ஏன்னா அங்க டீம் எல்லாம் பெரும்பாலும் தனியார் ஓனர் கையில இருக்கு, ஸ்டேடியத்துக்கு மட்டும் காசு ஜனங்க வரியில இருந்து போகுது. 2015ல விஸ்கான்சின் மாநிலத்துல நடந்தத பாருங்க. மில்வாக்கி பக்ஸ்ங்குற பாஸ்கெட்பால் டீமுக்கு புது அரீனா, அதாவது உள்ளரங்க ஸ்டேடியம், கட்ட மாநிலம், கவுண்டி (நம்ம ஊரு மாவட்டம் மாதிரி), நகராட்சி எல்லாம் சேர்ந்து 25 கோடி டாலர் பொதுப்பணம் தர்றதுன்னு முடிவாச்சு. அதே வருஷ பட்ஜெட்ல விஸ்கான்சின் யுனிவர்சிட்டிக்கு ரெண்டு வருஷத்துக்கு சேர்த்து குறைச்ச தொகை எவ்வளவு தெரியுமா, அதுவும் 25 கோடி டாலர். இது ஸ்கூல் இல்ல யுனிவர்சிட்டிதான், அங்க எடுத்த பணத்த அப்படியே இங்க போட்டாங்கன்னும் நான் சொல்லல, ரெண்டுக்கும் கணக்கு வேற. ஆனா ஒரே சட்டசபை, ஒரே வருஷம், ஒண்ணுக்கு எப்படியாவது வழி கண்டுபிடிக்கிறாங்க, இன்னொண்ணுக்கு பணம் இல்லைன்னு சொல்றாங்க. எதுக்கு மெனக்கெடுறாங்கங்குறதுல மனசு தெரிஞ்சிடுதுல்ல.

ஏன் அரசாங்கம் ஒத்துக்குதுன்னா, டீம் போயிடும்ங்குற பயம். அந்த பயம் பொய்யில்ல. 1984 மார்ச் மாசம் ஒரு ராத்திரி, பனி கொட்டிட்டு இருக்கும்போது, பால்டிமோர் கோல்ட்ஸ்ங்குற அமெரிக்க ஃபுட்பால் டீமோட (பந்த கையில புடிச்சு ஓடுற ஆட்டம், பிரேசில் ஃபுட்பால் வேற) சாமான் எல்லாத்தையும் லாரியில ஏத்திட்டு இண்டியானாபொலிஸ் போயிட்டாங்க, விடிஞ்சு பாத்தா ஊருக்கு டீம் இல்ல. இண்டியானாபொலிஸ் டீமே கையில இல்லாதப்பவே டோம், அதாவது கூரை போட்ட ஸ்டேடியம், கட்ட ஆரம்பிச்சிருந்த ஊரு. அடி வாங்குன பால்டிமோர் என்ன பண்ணுச்சு? அந்த ஊரு இருக்குற மேரிலாண்ட் மாநிலம் புது ஸ்டேடியம் கட்டித்தர்றோம்னு சொல்லி 1996ல கிளீவ்லாண்ட் டீம தன் பக்கம் இழுத்துக்குச்சு. கிளீவ்லாண்ட் மறுபடியும் காசு போட்டு 1999ல ஒரு புது ஸ்டேடியம் திறந்துச்சு. இண்டியானாபொலிஸ் கட்டுன அந்த டோம 2008ல இடிச்சுட்டாங்க, 24 வருஷம்தான் அதோட ஆயுசு. இந்த மொத்த சங்கிலியையும் பாத்தா ஒரு ஊரு அழுது இன்னொரு ஊரு சிரிச்சு, கடைசில எல்லா ஊரும் கடன் கட்டியிருக்கு. இந்த டீம் எல்லாம் ஆடுற என்எஃப்எல்ங்குற அமெரிக்க ஃபுட்பால் லீக்ல 32 டீம்தான், அதுக்கு மேல சேர்க்கணுமா வேணாமான்னு முடிவு பண்றதும் அந்த ஓனர்ங்கதான், கேக்குற ஊரு எப்பவும் அதிகம், அதனால பேரத்துல யாரு கை ஓங்கும்னு சொல்லவே வேணாம்.

சரி, ஊருக்கு வருமானம் வருமேன்னு கேப்பீங்க. ஸ்டேடியம் ஆதரவாளருங்க ஒவ்வொரு தடவையும் வேலை வரும், கடை வரும், ஹோட்டல் நிறையும்னு ஒரு ரிப்போர்ட் காட்டுவாங்க. ரோஜர் நோல், ஆண்ட்ரூ ஸிம்பலிஸ்ட் மாதிரி பொருளாதார ஆளுங்க 1990கள்ல இருந்தே இத தோண்டிப் பாத்து சொல்றது என்னன்னா, போட்ட பொதுப்பணத்துக்கு ஈடா வளர்ச்சி வர்றதில்லங்குறதுதான், அதுக்கப்புறம் வந்த ஆராய்ச்சியும் பெரும்பாலும் அதே பக்கம்தான் நிக்குது. காரணம் ரொம்ப சிம்பிள். ஒரு குடும்பம் மாசத்துக்கு பொழுதுபோக்குக்குன்னு ஒதுக்குற காசு ஓரளவுக்கு மேல ஏறாது, மேட்ச்சுக்கு போனா அந்த வாரம் சினிமாவுக்கோ வேற எங்கயோ போகமாட்டாங்க, ஆக காசு ஒரு பாக்கெட்ல இருந்து இன்னொரு பாக்கெட்டுக்கு மாறுது அவ்வளவுதான், அதுல பெரிய பங்கு பிளேயருக்கும் ஓனருக்கும் போகும், அவங்க அந்த ஊர்லயே செலவு பண்ணணும்னு இல்ல. என்எஃப்எல் டீம் ஒரு சீசன்ல சொந்த மைதானத்துல ஆடுறது 8 இல்ல 9 மேட்ச். மிச்ச நாள் எல்லாம் பெரிய பார்க்கிங் லாட்டுக்கு நடுவுல ஒரு பெரிய கட்டடம் பூட்டி கிடக்கும், எப்பவாவது ஒரு கச்சேரி நடக்கும். ஒரு ஸ்கூல் வருஷத்துக்கு எத்தனை நாள் திறந்திருக்குன்னு நீங்களே எண்ணிக்கோங்க.

இப்ப ஸ்கூலுக்கும் இதுக்கும் நேரடியா என்ன சம்பந்தம்னு பாப்போம், இதத்தான் நிறைய பேர் கவனிக்கிறதில்ல. அமெரிக்காவுல ஸ்கூல் செலவுல பெரிய பங்கு அந்தந்த ஊரு சொத்து வரியில இருந்து வருது. ஸ்டேடியம் பொது அமைப்பு பேர்ல இருந்துச்சுன்னா பெரும்பாலும் அதுக்கு சொத்து வரி கிடையாது. அதுக்கும் மேல, ஒரு ஏரியாவுல ஏறுற சொத்து வரிய அந்த ஏரியா மேம்பாட்டுக்கே திருப்பி விடுற ஏற்பாடு ஒண்ணு இருக்கு. டெட்ராய்ட் நகரம் 2013 ஜூலை 18ஆம் தேதி திவால்னு கோர்ட்டுக்கு போச்சு, அதே மாசம் புது ஹாக்கி அரீனாவுக்கான ஏற்பாட்டுக்கு மாநில அளவுல அனுமதி கிடைச்சுது. அதுக்கு போன வரிப்பணத்துல ஸ்கூலுக்குன்னு வசூலாகுற பங்கும் இருந்துச்சு. மாநில அரசு அத ஈடுகட்டும்னு சொன்னாங்க, ஆனா மாநில அரசு பணமும் யாரோ ஒருத்தர் கட்டுன வரிதானே.

இதுக்கு எப்பவும் வர்ற பதில் ஒண்ணு உண்டு, ஸ்டேடியத்துக்கு போறது ஹோட்டல் ரூம் வரிங்க, டூரிஸ்ட் கட்டுறது, இத ஸ்கூலுக்கு குடுக்கவே முடியாதுன்னு. ஏன் முடியாது? எந்த வரி எங்க போகணும்னு எழுதுறது அதே சட்டசபைதான். நெவாடா மாநிலத்துலயே ரூம் வரியில ஒரு பங்கு கல்விக்கு போகணும்னு 2009ல சட்டம் வந்திருக்கு. அதே நெவாடா 2016ல லாஸ் வேகாஸ் ஃபுட்பால் ஸ்டேடியத்துக்கு ரூம் வரியில இருந்து 75 கோடி டாலர் குடுத்துச்சு, 2023 ஜூன்ல ஓக்லாண்ட்ல இருந்து வர்ற பேஸ்பால் டீமுக்கு 38 கோடி டாலர் வரைக்கும் தர்றதுக்கு இன்னொரு சட்டம் போட்டுச்சு. ஒரு ஸ்டூடண்டுக்கு செலவு பண்றதுல அமெரிக்காவுலயே ரொம்ப கீழ இருக்குற மாநிலங்கள்ல அதுவும் ஒண்ணு, கிளாஸ்ல கூட்டமும் அதிகம். அதனாலதான் அங்க டீச்சர் சங்கத்து ஆளுங்களே, ஸ்டேடியத்த விட ஸ்கூல் முக்கியம்ங்குற அர்த்தத்துலயே பேர் வச்சு ஒரு அமைப்பு ஆரம்பிச்சு, இத ஜனங்க ஓட்டுக்கு விடுங்கன்னு மனு குடுத்தாங்க. 2024 மே மாசம் நெவாடா சுப்ரீம் கோர்ட் அந்த மனு செல்லாதுன்னு சொல்லிடுச்சு, சட்டத்தோட முழு வாசகமும் மனுவுல இல்லைங்குறது ஒரு காரணம். சட்டப்படி அது சரியாவே இருக்கலாம். ஆனா நாள் முழுக்க கிளாஸ் எடுத்துட்டு அதுக்கப்புறம் கையெழுத்து வாங்க கிளம்புறவங்கள நினைச்சா எனக்கு இப்பவும் மனசு கனக்குது.

எனக்கு இதுல ரொம்ப உறுத்துற விஷயம் தொகை கூட இல்லைங்க, ஒப்பந்தம். ஒஹையோவுல சின்சினாட்டி இருக்குற ஹாமில்டன் கவுண்டியில 1996ல ஜனங்க ஓட்டு போட்டு விற்பனை வரிய டாலருக்கு அரை சென்ட் ஏத்திக்கிட்டாங்க, ரெண்டு ஸ்டேடியம் கட்ட. பதிலுக்கு வீட்டு சொத்து வரியில கொஞ்சம் குறைச்சு தர்றோம்னு சொல்லித்தான் அந்த ஓட்டையே வாங்குனாங்க. ஃபுட்பால் டீமோட போட்ட குத்தகையில என்னென்ன இருந்துச்சுன்னா, பராமரிப்பு செலவுல பெரும் பங்கு கவுண்டி தலையில, மத்த ஸ்டேடியங்கள்ல புதுசா ஒரு டெக்னாலஜி வந்தா அதையும் கவுண்டியே வாங்கித் தரணும், அந்த லிஸ்ட்ல ஹோலோகிராம் ரீப்ளே வரைக்கும் எழுதியிருந்தாங்க. பின்னாடி விற்பனை வரி எதிர்பாத்த அளவு வரல, பட்ஜெட்ல ஓட்டை விழுந்துச்சு, வீட்டுக்காரங்களுக்கு சொன்ன சலுகைய குறைச்சாங்க, பொது ஆஸ்பத்திரி ஒண்ண வித்தாங்க. ஆனா டீமுக்கு எழுதிக் குடுத்தத மாத்த முடியல, ஏன்னா அது ஒப்பந்தம்.

இப்ப இந்த இடத்துல ஸ்கூல வச்சு பாருங்க. எந்த ஊர்லயாவது, இந்த கட்டடத்த 30 வருஷம் நாங்க பராமரிப்போம், பக்கத்து ஊரு ஸ்கூல்ல லேப் வந்தா இங்கயும் வாங்கித் தருவோம்னு பசங்களுக்கு யாராவது எழுதிக் குடுத்திருக்காங்களா? ஸ்கூல் பட்ஜெட் வருஷா வருஷம் வெட்டுக்கு வருது. அந்த வருஷம் வரி குறைஞ்சா மியூசிக் டீச்சர் போவாங்க, லைப்ரரி நேரம் குறையும், ரெண்டு கிளாஸ ஒண்ணாக்குவாங்க. ஸ்டேடியம் கட்ட வாங்குன கடன் பத்திரத்துக்கு வட்டி மட்டும் தேதி தவறாம போகும், அத நிறுத்தினா நகரத்தோட பேர் கெட்டுடும்.

சின்ன கிளாஸ் எவ்வளவு முக்கியம்னு தெரியாமலும் இல்ல. டென்னசி மாநிலத்துல 1985ல இருந்து நாலு வருஷம், 79 ஸ்கூல்ல, பதினோராயிரத்துக்கு மேல பசங்கள வச்சு ஒரு பெரிய சோதனை பண்ணாங்க, ஒரு கிளாஸ்ல 13ல இருந்து 17 பேர், இன்னொண்ணுல 22ல இருந்து 25 பேர். சின்ன கிளாஸ்ல இருந்த பசங்க வாசிப்புலயும் கணக்குலயும் நல்லா வந்தாங்க, ஏழைப் பசங்களுக்கும் கருப்பினப் பசங்களுக்கும் பலன் இன்னும் அதிகமா இருந்துச்சு. கிரபோ ஜாக்சன்ங்குற பொருளாதார பேராசிரியரும் கூட ரெண்டு பேரும் 2016ல வெளியிட்ட ஆராய்ச்சியில, ஒரு பிள்ளையோட 12 வருஷ படிப்புக்கும் செலவ 10 சதவீதம் கூட்டினா பெரியவங்களானப்புறம் சம்பளம் 7 சதவீதம் கிட்ட அதிகமா இருக்குன்னு வந்துச்சு. காச கொட்டினா மட்டும் ஸ்கூல் நல்லாயிடாதுன்னு சொல்றவங்க இருக்காங்க, அதுல உண்மையும் இருக்கு, ஆனா அதே கண்டிப்ப ஸ்டேடியம் கேக்குறப்போ காட்டுங்கன்னுதான் சொல்றேன்.

நடுவுல ஒரு விஷயம். ஸ்கூல் பணத்துலயே ஸ்டேடியம் கட்டுன கதையும் உண்டு. டெக்சாஸ்ல ஆலன்ங்குற ஊர்ல ஹைஸ்கூல் ஃபுட்பாலுக்காக 6 கோடி டாலர்ல 18,000 சீட்டு ஸ்டேடியம் 2012ல திறந்தாங்க, ரெண்டே வருஷத்துல கான்கிரீட்ல விரிசல் விட்டு மூடி, ரிப்பேர் பண்ணி 2015லதான் மறுபடி திறந்தாங்க. ஆனா அது ஜனங்க ஓட்டு போட்டு சம்மதிச்ச கடன், அந்த வகை பணத்த டெக்சாஸ்ல டீச்சர் சம்பளத்துக்கு குடுக்கவும் முடியாது, அங்க ஆடுறதும் அந்த ஊரு பசங்கதான். அதனால அத நான் டீம் ஓனருக்கு கட்டித்தர்றதோட ஒண்ணா சேர்க்கமாட்டேன்.

தனியாரே கட்ட முடியாதான்னா முடியும், சான் பிரான்சிஸ்கோவுல 2019ல திறந்த சேஸ் சென்டர் அரீனா தனியார் பணத்துலதான் வந்துச்சு. ஜனங்க கிட்ட கேட்டா என்ன சொல்வாங்கங்குறதுக்கும் உதாரணம் இருக்கு, 2024 ஏப்ரல்ல கான்சாஸ் சிட்டி இருக்குற ஜாக்சன் கவுண்டியில ஸ்டேடியத்துக்காக விற்பனை வரிய இன்னும் 40 வருஷம் ஓட்டலாமான்னு கேட்டாங்க, 58 சதவீதம் பேர் வேணாம்னுட்டாங்க, அதுவும் அவங்க ஃபுட்பால் டீம் ரெண்டு மாசம் முன்னாடிதான் சூப்பர் பவுல், அதாவது என்எஃப்எல் ஃபைனல், ஜெயிச்சிருந்துச்சு.

வேணாம்னு சொன்னா நிக்குமாங்குறது வேற கேள்வி. சியாட்டில் இருக்குற கிங் கவுண்டியில 1995 செப்டம்பர்ல பேஸ்பால் ஸ்டேடிய வரிக்கு ஜனங்க நூலிழையில வேணாம்னு ஓட்டு போட்டாங்க, அடுத்த மாசமே சட்டசபை வேற வழியில பணம் ஏற்பாடு பண்ணிடுச்சு, ஸ்டேடியமும் பின்னாடி வந்துடுச்சு. அதுக்கு முன்னாடி அந்த டீம் ஆடுனது கிங்டோம்ங்குற ஸ்டேடியத்துல, 1976ல திறந்தது. 2000 மார்ச்ல அத வெடி வச்சு தரைமட்டமாக்குனாங்க, ஆனா அதோட கடன் பாக்கி இருந்துச்சு, 2015லதான் கட்டி முடிச்சாங்க. அது இடிஞ்ச வருஷம் பொறந்த பிள்ளைக்கு அப்போ 15 வயசு, ஹைஸ்கூல்ல படிச்சிட்டு இருந்திருக்கும்.