டர்போ வேகன் ஒன்றை அன்றாடக் காராக ஓட்டிப் பார்த்த அனுபவம்

வீடு இணுவிலில், வேலை கிளிநொச்சி அறிவியல் நகரில். ஏ9 வீதியில் போய்வர ஒரு நாளைக்கு 140 கிலோமீற்றருக்கு மேல் ஓடுகிறது. கூட வேலை செய்கிற இரண்டு பேரும் என்னோடுதான் வருவார்கள், பெற்றோல் காசை மூன்றாகப் பிரித்துக்கொள்வோம். சனி ஞாயிறில் அதே கார்தான் சுன்னாகம் சந்தைக்கும் அப்பாவின் கிளினிக்குக்கும் போகவேண்டும். இந்த வேலையெல்லாம் முன்பு ஒரு பழைய டொயோட்டா விட்ஸ் பார்த்தது. நல்ல கார்தான். ஆனால் நாலு பேரும் சாமானும் ஏறிவிட்டால், பரந்தன் தாண்டி ஒரு லொறியை முந்துவதற்குள் எதிரே வரும் பஸ் கிட்ட வந்துவிடும்.

அதனால்தான் 2015ஆம் ஆண்டு சுபாரு லெவோர்க் 1.6 ஒன்றை வாங்கினேன். ஒரு வருஷத்துக்கு மேல் ஓட்டியாயிற்று. யாழ்ப்பாணத்தில் டர்போ கார் சரிவருமா, அதுவும் பின்பக்கம் நீண்ட வேகனா என்று கேட்கிறவர்கள் நிறையப் பேர். சரிவரும். ஆனால் ஒயிலையும் சூட்டையும் கவனமாகப் பார்த்த ஒருவரிடமிருந்து வாங்கவேண்டும், வாங்கிய பிறகு நாமும் அப்படியே பார்க்கவேண்டும். மற்றதெல்லாம் சின்ன விஷயம்.

வீட்டில் எல்லோரும் சொன்னது டொயோட்டா ஃபீல்டர் அல்லது ஹொண்டா வெசல். ஃபீல்டர் வாங்கினால் யாரும் பிழை சொல்லமாட்டார்கள், உதிரிப்பாகம் எந்த மூலையிலும் கிடைக்கும். வெசலின் பூட் எனக்குப் போதவில்லை. அப்பாவின் சக்கரநாற்காலி மடித்தாலும் அகலமானது, அதை வைத்த பிறகு அரிசி மூட்டையும் பனங்கிழங்குக் கட்டும் ஏறவேண்டும். லெவோர்க்கின் பூட் 522 லீற்றர், வாய் தாழ்வானது, சக்கரநாற்காலியை இடுப்புயரத்துக்குத் தூக்கவேண்டியதில்லை. அம்மா தனியாகவே ஏற்றி இறக்குகிறா. எனக்கு இது எஞ்சினை விடப் பெரிய காரணம்.

எஞ்சினுக்கு வருவோம். 1599 சிசி, பெற்றோலைச் சிலிண்டருக்குள்ளேயே பீச்சுகிற நேரடி எரிபொருள் பீச்சல், வெளியேறும் புகையின் விசையால் எஞ்சினுக்குள் காற்றை அழுத்தித் தள்ளுகிற டர்போ. 170 குதிரைவலு. அதை விட முக்கியம், 250 நியூட்டன்மீற்றர் முறுக்குவிசை 1800 சுற்றிலேயே வந்து 4800 வரை அப்படியே நிற்பது. நம் நாட்டில் ஊருக்கு வெளியே கார்களுக்கு 70 கிலோமீற்றர்தான் வேக எல்லை, அதற்கு மேல் ஓட இந்தக் கார் வேண்டியதில்லை. ஐம்பதில் லொறிக்குப் பின்னால் போய்க்கொண்டிருக்கும்போது, இடைவெளி கிடைத்த அந்தக் கணத்தில் எஞ்சினைக் கத்த விடாமல் எழுபதுக்குப் போகமுடிகிறது. ஏ9 இருவழிப் பாதை, பளைக்கும் ஆனையிறவுக்கும் இடையில் மாடு குறுக்கே வரும், எதிரே சொகுசு பஸ் வரும். எதிர்ப்பக்கத்தில் நிற்கிற நேரம் எவ்வளவு குறைகிறதோ அவ்வளவு நல்லது.

பெற்றோலைப் பற்றியும் முதலே விசாரித்தேன். இதே உருவத்தில் 2.0 டர்போவும் இருக்கிறது, 300 குதிரைவலு, அது உயர் ஒக்டேன் பெற்றோல் கேட்கும். 1.6 ஜப்பானில் சாதாரண பெற்றோலுக்கென்றே செய்யப்பட்டது. ஆகவே இங்கே 92 ஒக்டேன் போதும். தினமும் இந்தத் தூரம் ஓடுகிறவனுக்கு 92க்கும் 95க்கும் உள்ள விலை வித்தியாசம் மாத முடிவில் நன்றாகத் தெரியும்.

தேடுவது சுலபமாக இருக்கவில்லை. 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நின்றது, தனியார் கார்களுக்கு 2025 பெப்ரவரியில்தான் மறுபடி திறந்தது. திறந்தாலும் பழைய கார் மூன்று வயதுக்கு மேற்பட்டதாக இருக்கக்கூடாது. ஆகவே 2015 லெவோர்க் இனிமேல் கப்பலில் வராது, தடைக்கு முன் வந்தவைதான் கைமாறுகின்றன. வடக்கில் ஒன்றும் அகப்படவில்லை. கொழும்பு, குருநாகல், நீர்கொழும்பு என்று தேடவேண்டியதாயிற்று.

கோண்டாவிலில் எனக்குப் பழக்கமான மெக்கானிக் அண்ணை ஒருவர் இருக்கிறார். இரவு பஸ்ஸில் அவரையும் கூட்டிக்கொண்டு போனேன். தொண்ணூறுகளில் பெற்றோல் தடை இருந்தபோது மொரிஸ் மைனரையும் ஒஸ்ரின் ஏ40ஐயும் ஒரு துளி பெற்றோலில் ஸ்ரார்ட் பண்ணி மண்ணெண்ணெயில் ஓடவைத்த கை அவருடையது. கணினி வைத்துப் பார்க்கிற எஞ்சினை இவர் என்ன செய்வார் என்று சிலர் கேட்டார்கள். எஞ்சினின் சத்தத்தையும் மணத்தையும் வைத்து அவர் கண்டுபிடிப்பதை நான் பல தடவை பார்த்திருக்கிறேன். காரின் கணினியில் பதிவாகும் பிழைக் குறியீடுகளை வாசிக்கிற சின்னக் கருவி என் கைபேசியோடு வேலை செய்யும், அந்தப் பக்கத்தை நான் பார்த்துக்கொண்டேன்.

கொழும்பில் பார்த்த முதல் கார் மினுக்கம். அண்ணை பொனட்டைத் திறக்கவேயில்லை. முன் சீற்றைப் பின்னுக்குத் தள்ளி, சீற் ஓடுகிற தண்டவாளத்தின் போல்ற்றுகளைப் பார்த்தார். எல்லாவற்றிலும் துரு. கார்ப்பெற்றின் ஓரத்தைக் கிளப்பினால் கீழே மெல்லிய சேறு காய்ந்து மாவாகக் கிடந்தது. வெள்ளத்தில் நின்ற கார். “தம்பி, வா போவம்” என்றார், அவ்வளவுதான். 2024 நவம்பரில் ஃபெங்கல் புயலோடு வந்த வெள்ளத்துக்குப் பிறகு நம் பக்கத்திலும் இப்படி நின்ற கார்கள் உண்டு. எந்தக் கார் பார்த்தாலும் சீற் போல்ற்றையும் சீற்பெல்ற்றின் அடிப்பகுதியையும் இழுத்துப் பாருங்கள். மேல்பகுதியைக் கழுவிவிடுவார்கள், அடியில் சுருண்டிருக்கும் பெல்ற்றில் கறை நின்றுவிடும்.

வாங்கிய கார் குருநாகல் பக்கத்தில் ஓய்வுபெற்ற ஒருவருடையது. காலையில் நாங்கள் வரும்வரை ஸ்ரார்ட் பண்ணவேண்டாம் என்று முதல்நாளே சொல்லியிருந்தோம். போனதும் அண்ணை என்னிடம், “எஞ்சினைத் தொட்டுப் பார் தம்பி, சூடெண்டால் முதலே ஸ்ரார்ட் பண்ணிப்போட்டினம்” என்றார். குளிர்ந்துதான் இருந்தது. சாவி போட்டதும் நான் பின்னால் நின்று புகையைப் பார்த்தேன். பிறகு பத்து நிமிடம் சும்மா ஓடவிட்டு, திடீரென்று அக்சிலேற்றரை மிதித்தார். டர்போவின் சீல் போயிருந்தால் அந்த நேரத்தில்தான் நீலப் புகை தள்ளும். வரவில்லை.

அடுத்ததாக எஞ்சினை நிறுத்தி, டர்போவிலிருந்து, அது அழுத்திய காற்றைக் குளிர்விக்கிற இன்ரர்கூலருக்குப் போகிற குழாயைக் கழற்றினார். வெள்ளைத் துணியை விரலில் சுற்றி உள்ளே விட்டு எடுத்தார். துணியில் மெல்லிய எண்ணெய்ப் பூச்சு. எண்ணெய் ஆவி கொஞ்சம் அந்த வழியாகப் போகும், அது சாதாரணம். குழாயின் பள்ளத்தில் எண்ணெய் தேங்கி நின்றால் விட்டுவிட்டு வரவேண்டும். டர்போவுக்குள் காற்று வருகிற பக்கத்துக் குழாயையும் கழற்றி, அதன் தண்டை விரலால் அசைத்துப் பார்த்தார். பக்கவாட்டில் மயிரளவு ஆட்டம் இருக்கலாம், முன்பின் ஆட்டம் கூடாது.

இது பொக்சர் எஞ்சின், சிலிண்டர்கள் இரண்டு பக்கமும் படுத்திருக்கும். எண்ணெய் கசிந்தால் மேலே தெரியாது, ராம்பில் ஏற்றிக் கீழிருந்து பார்க்கவேண்டும். பழைய சுபாரு லெகசி டர்போக்களில் ரைமிங் பெல்ற் மாற்றவேண்டும், இதில் சங்கிலி என்பதால் அந்தச் செலவு இல்லை. ஜப்பானில் ஏலம் விடும்போது காரின் நிலையைக் குறித்துத் தருகிற ஏலத்தாளும் கையிலிருந்தது. காரின் படத்தில் ‘ஏ’ என்றால் கீறல், ‘யூ’ என்றால் நெளிவு, ‘டபிள்யூ’ என்றால் திருத்திய அடையாளம், ‘எக்ஸ்எக்ஸ்’ என்றால் மாற்றிய பாகம். சசி இலக்கத்தைத் தாளோடு ஒப்பிட்டோம், மீற்றரையும் ஒப்பிட்டோம். எனக்கு நம்பிக்கை தந்தது அவர் வைத்திருந்த ஒயில் மாற்றிய பில்கள்தான். எல்லாம் ஐயாயிரம் கிலோமீற்றருக்கு ஒன்றாக, திகதி வரிசையில். வாகனப் பதிவுப் புத்தகத்தில் லீசிங் கம்பனியின் பெயர் இல்லை, அவர் பெயர்தான். ஓப்பின் பேப்பரில், அதாவது விற்கிறவர் தன் பெயருக்கு மாற்றாமல் முந்தின சொந்தக்காரரின் கையெழுத்தோடு விற்கிற காரை விலை எவ்வளவு குறைவென்றாலும் நான் தொடமாட்டேன்.

யாழ்ப்பாணம் வந்ததும் முதல் வேலை: ஒயில், இரண்டு ஃபில்டர், பிளக், கூலன்ற். பிளக் நாலும் மாற்ற அண்ணைக்கு அரைநாள் போயிற்று, ஏனென்றால் பொக்சரில் பிளக்குகள் பக்கச் சுவரைப் பார்த்தபடி இருக்கும், கை போக இடமில்லை. கூலன்ற் விஷயத்தை ஊர்க்காரர்களுக்கு அழுத்திச் சொல்லவேண்டும். நம் கிணற்றுத் தண்ணீர் சுண்ணாம்புக் கல்லுக்குள்ளிருந்து வருவது. கேத்திலில் வெள்ளையாகப் படிகிற அதே படிவுதான் ரேடியேற்றரிலும் படியும். டர்போவையும் ரேடியேற்றர் தண்ணீர்தான் குளிர்த்துகிறது. ஆகவே கலந்து விற்கிற கூலன்ற்றைத் தவிர வேறெதுவும் ஊற்றுவதில்லை, அவசரத்துக்குக்கூட ஒரு போத்தல் பூட்டில் இருக்கிறது.

இன்ரர்கூலர் எஞ்சினுக்கு மேலேயே படுத்திருக்கிறது, பொனட்டில் உள்ள வாய் வழியாகக் காற்று வரும். இணுவில், உரும்பிராய் பக்கத்துச் செம்மண் தூள் அந்த வாய் வழியாக அப்படியே உள்ளே போகிறது. சில மாதங்கள் கழித்துத் திறந்து பார்த்தபோது இறக்கைத் தகடுகள் செங்கல் நிறத்தில் இருந்தன. பழைய பல்துலக்கும் பிரஷ்ஷால் தகட்டின் போக்கிலேயே மெதுவாகத் தட்டி எடுத்தேன். சித்திரை வெயிலில் நகரத்துக்குள் ஊர்ந்துவிட்டு அழுத்தினால் முன்பு ஒரு மந்தம் தெரிந்தது, துப்புரவாக்கிய பிறகு அது குறைந்திருக்கிறது.

டர்போவை அணைக்கும் முறையைப் பற்றி ஊரில் ஆளுக்கொரு கதை. விஷயம் இதுதான்: அதன் தண்டு எண்ணெய்ப் படலத்தில்தான் சுழல்கிறது, வெளியேறும் புகையின் சூடு முழுக்க அதற்குத்தான். வேகமாக ஓடிவந்து உடனே நிறுத்தினால் அங்கே நிற்கிற எண்ணெய் கருகும். வீட்டுக்கு வரும்போது கே.கே.எஸ். வீதியில் மெதுவாக வந்து ஒழுங்கைக்குள் திரும்புவதே போதும், தனியாகக் காத்திருக்கத் தேவையில்லை. காத்திருக்கவேண்டியது முறிகண்டியில். கொழும்புக்குப் போகிற வழியில் எழுபதில் ஓடிவந்து பிள்ளையார் முன் நேரே நிறுத்துகிறோம். மற்றவர்கள் இறங்கித் தேங்காய் உடைத்துக் கச்சான் வாங்கட்டும், ஓட்டுகிறவர் ஒரு நிமிடம் எஞ்சினை ஓடவிட்டு இருந்துவிட்டுப் பிறகு போய்க் கும்பிடலாம். கார் நின்றதும் எஞ்சினைத் தானாக அணைக்கும் ஐடில் ஸ்ரொப்பை ஏறியவுடனேயே நிறுத்திவிடுகிறேன்.

பெற்றோல் கணக்கு: ஜப்பான் சோதனையில் லீற்றருக்கு 17.4 கிலோமீற்றர் என்று போட்டிருக்கிறார்கள். ஏ9இல் எனக்கு 13க்குக் கிட்டக் கிடைக்கிறது, ஊருக்குள் 9ஐத் தாண்டுவது அரிது. ஃபீல்டர் ஹைபிரிட் வைத்திருக்கிறவர் இதைக் கேட்டால் முகம் சுழிப்பார். மூன்று பேர் பிரிப்பதால்தான் எனக்குக் கட்டுகிறது. தனியாக நகரத்துக்குள் மட்டும் ஓடுகிறவருக்கு இந்தக் காரைச் சொல்லமாட்டேன்.

இது நாலு சில்லும் இழுக்கிற கார், ஆகவே ரயர் தேய்மானம் நாலிலும் ஒன்றாக இருக்கவேண்டும். ஒரு ரயர் கிழிந்தால் ஒன்றை மட்டும் புதிதாகப் போடுவது கூடாது. அந்தச் செலவை முதலே மனதில் வைத்துக்கொள்ளுங்கள். அடியும் தாழ்வு, எங்கள் ஒழுங்கை வாசலின் மதகில் சரித்துத்தான் ஏற்றவேண்டும். மாரியில் தண்ணீர் நிற்கிற ஒழுங்கைக்குள் விடுவதேயில்லை. நாலு சில்லும் இழுப்பது ஈரத் தார் வீதியில் உதவும், ஆழத் தண்ணீருக்கு உதவாது. குறிகட்டுவானுக்குப் போய்வந்தால் அன்றே அடிப்பக்கம் கழுவுகிறேன், பண்ணைப் பாலத்திலிருந்து இரண்டு பக்கமும் கடல்தானே.

ரேடியோ ஜப்பான் அலைவரிசைக்கானது, நம் எஃப்எம் நிலையங்கள் பாதி பிடிக்காது. ஒவ்வொரு காலையும் ஜப்பானியப் பெண்குரல் ஒன்று நெடுஞ்சாலைக் கட்டண அட்டை செருகவில்லை என்று அறிவிக்கும். அந்தக் கருவியைக் கழற்றலாம் என்றார்கள், அப்பாவுக்கு அந்தக் குரல் பிடித்துப்போனதால் விட்டுவைத்திருக்கிறேன்.

உதிரிப்பாகம் கொழும்பு பஞ்சிகாவத்தையில் கிடைக்கிறது. சசி இலக்கத்தையும் பழைய பாகத்தின் படத்தையும் அனுப்பினால், இரவு பஸ்ஸில் பார்சலாகப் போட்டுவிடுவார்கள், விடியக்காலை யாழ்ப்பாணம் பஸ்நிலையத்தில் எடுக்கலாம். பிறேக் பாட் அப்படித்தான் வந்தது. தாமதம் ஒரு நாள்தான்.

இனி இரண்டு வேலை பாக்கி. கியர்பெட்டி சங்கிலியால் ஓடுகிற சிவிரி வகை (கியர் படிப்படியாக இல்லாமல் தொடர்ச்சியாக மாறும்), அதன் ஒயிலை எப்போது மாற்றியது என்று பழைய பில்களில் இல்லை. அதற்குரிய ஒயிலைச் சொல்லிவைத்திருக்கிறேன், வேறு ஒயில் ஊற்றமுடியாது. அடுத்தது உள்வால்வுகளில் கரி. நேரடிப் பீச்சலில் பெற்றோல் வால்வைக் கழுவாது என்பதால் காலப்போக்கில் அங்கே படிந்துவிடும். எஞ்சின் இப்போது ஒழுங்காகத்தான் ஓடுகிறது, ஆனாலும் ஒரு பக்கத்துக் குழாயைக் கழற்றிக் கமராவால் பார்ப்போம் என்று அண்ணை சொல்லியிருக்கிறார். ஒயில் பார்சல் வந்ததும் இரண்டையும் ஒரே நாளில் செய்வதாக இருக்கிறோம்.