தேக்கின் ரேகையில் பஞ்சத்தைத் தேடும்போது

தேக்கு அடிமரத்தில் ஒரு வளையம் ஒடுங்கித் தெரிந்தால் "அந்த வருஷம் மழை இல்லை" என்று சொல்லிவிடத் தோன்றும். அவசரப்படக் கூடாது. மழை, வயது, பக்கத்து மரத்தின் நிழல், இலைப்புழு எல்லாமே அதே ரேகையில்தான் பதிகின்றன.

வெப்பமண்டல மரங்கள் பலவற்றில் வளையம் தெளிவாக விழுவதில்லை. தேக்கில் விழும். கோடையில் இலையுதிர்த்து வளர்ச்சியை நிறுத்திவிட்டு, மழைக்குத் துளிர்க்கும்போது மரத்துக்குள் நீர் கடத்தும் பெரிய துளைகளை வரிசையாகப் போடும். அந்த வரிசைதான் ஆண்டின் தொடக்கம். கேரளத்தின் நிலம்பூரில் 1840-களிலேயே தேக்கு நட ஆரம்பித்துவிட்டார்கள். இப்படி நட்ட ஆண்டு தெரிந்த மரங்களில் எண்ணிச் சரிபார்க்கலாம்.

வனத்துறை அனுமதியோடு, தரையிலிருந்து 1.3 மீட்டர் உயரத்தில், மரத்தின் நடுவை நோக்கித் துளைத்து, சுமார் 5 மி.மீ. தடிமனில் குச்சி போன்ற மாதிரி எடுக்க வேண்டும். மரத்துக்கு இரண்டு. சரிவில் நிற்கும் மரத்தை மேட்டுப்பக்கமோ பள்ளப்பக்கமோ துளைக்காதீர்கள். சாய்வைத் தாங்க மரம் ஒருபக்கமாகப் பருத்திருக்கும், அளவு கெடும். பக்கவாட்டில் துளையுங்கள். காய்ந்த குச்சியைச் சட்டத்தில் ஒட்டி 120, 240, 400, 600 என்று எண் ஏற ஏற நைசாகும் உப்புத்தாள் போட வேண்டும். 240-இல் நிறுத்தினால் மெல்லிய வளையங்கள் கண்ணில் படாது.

தேக்கின் பெரிய தொல்லை போலி வளையம். பருவமழை நடுவில் காய்ந்து மறுபடி பெய்தாலும், புழு மரத்தை மொட்டையடித்தாலும் ஒரே ஆண்டில் இரண்டு கோடு விழலாம். போலிக் கோடு பெரும்பாலும் மரத்தை முழுக்கச் சுற்றி வராது. அடிமரத்தைக் குறுக்கே முழுதாக அறுத்த வட்டத்துண்டு கிடைத்தால் இது தெரிந்துவிடும், குச்சியில் தெரியாது. பட்டையிலிருந்து உள்ளே எண்ணும்போது ஒரு போலியை எண்ணிவிட்டால், அதற்கு உள்ளே இருக்கும் எல்லா வளையமும் ஓர் ஆண்டு முந்தையதாகக் கணக்காகிவிடும். அதனால்தான் பல மரங்களை ஒன்றோடொன்று பொருத்திப் பார்க்கிறோம். தாது வருஷப் பஞ்சத்தின் 1877, அடுத்து 1899 என்று மழை பெரிதும் பொய்த்த ஆண்டுகளின் ஒடுங்கிய வளையங்களைப் பொருத்தத்துக்கு அடையாளமாக முதலில் தேடுவது நல்லது. புனே வெப்பமண்டல வானிலையியல் நிறுவனத்தார் கேரளத் தேக்குகளைக் கொண்டு 1481 முதல் 2003 வரை 523 ஆண்டுத் தொடர் அமைத்து, எல் நினோ (பசிபிக் கடல்நீர் வழக்கத்தைவிடச் சூடாவது) சார்ந்த வறட்சிகளின் தடத்தைக் காட்டியது இந்தப் பொறுமையால்தான்.

அடுத்தது வயது. ஆரம் 10 செ.மீ. இருக்கும்போது 4 மி.மீ. வளையம் போட்ட மரம், 20 செ.மீ. ஆனபின் 2 மி.மீ. போடுகிறது என்று வையுங்கள். அகலம் பாதி. பரப்பைக் கணக்கிட்டால் முன்னது 25.6 ச.செ.மீ., பின்னது 25.3. மரம் தளரவே இல்லை! காடு மெலிகிறது என்று அகலத்தை மட்டும் பார்த்துச் சொல்பவர்களிடம் இந்தக் கணக்கைக் கேளுங்கள்.

வறட்சிக்குப் பிந்தைய ஐந்து ஆண்டுச் சராசரியை முந்தைய ஐந்தால் வகுத்தால் மீட்சி தெரியும். 1-க்குக் கீழே என்றால் மரம் இன்னும் தேறவில்லை. ஆனால் இன்று நிற்கும் மரங்களை மட்டும் துளைத்தால், அந்த வறட்சியில் பட்டுப்போனவை கணக்கிலேயே வராது, காடு உள்ளதைவிடத் திடமாகத் தெரியும். பட்ட மரத்தின் அடிக்கட்டைகளிலும் மாதிரி எடுங்கள்.